சுவிச்சு வைத்ததும் வைக்காததும்

கடையில் இரண்டு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டுக்கும் ஒரே எஞ்சின், ஒரே சக்கரம், ஒரே கம்பனி. ஒன்று கறுப்பு. காலால் உதைத்து ஸ்டார்ட் பண்ணுவது. மற்றது சிவப்பு. அதன் மட்காட்டும் பைப்பும் நிக்கல் பூசி முகம் பார்க்கலாம் போல இருந்தன. இரண்டு பக்கமும் கண்ணாடி, திரும்புகிற பக்கம் காட்ட மஞ்சள் லைற், வேகம் காட்டுகிற மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் என்னத்துக்கென்று தெரியாத இன்னொரு மணிக்கூடு. கைபிடியில் ஒரு சின்னச் சுவிச்சு இருந்தது. அதை அமத்தினால் எஞ்சின் தானாக எழும்பும். உதைக்கத் தேவையில்லை.

கறுப்புக்கும் சிவப்புக்கும் விலையில் இருந்த வித்தியாசம் எங்கட சிவலைப் பசு. சீட்டு எடுத்த காசுக்குக் கறுப்பு வரும். சிவப்பு வேணுமென்றால் பசுவை விற்கவேணும்.

இவ்வளவுதான் விசயம். வேறு ஆக்கள் ஒரு பின்னேரத்தில் தீர்த்திருப்பினம். நாங்கள் மாசக்கணக்காகக் கதைத்தோம்.

என்னுடைய மனிசன் தயிர் வியாபாரம். கிண்ணியாவுக்கு அப்பால் எருமைப் பட்டி வைத்திருந்த முஸ்லிம் ஆக்களிடம் விடியச் சட்டி சட்டியாகத் தயிர் எடுத்து, திருகோணமலை டவுனில் சாப்பாட்டுக் கடைகளுக்கும் துறைமுகத்தடித் தேத்தண்ணிக் கடைகளுக்கும் போடுவார். இடையில் கடல் உள்ளே வந்து கிடக்கிறது. அப்போது பாலம் இல்லை. பாதை என்று நாங்கள் சொல்லுகிற தட்டைப் படகில்தான் பஸ்ஸும் லொறியும் மாடும் மனிசரும் ஏறி அக்கரை போகவேணும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எவர் வந்து சட்டியை இறக்குகிறாரோ அவருடைய தயிர்தான் விலைப்படும். பிந்தி வந்தவருக்கு, "நாளைக்குப் பாப்பம் அண்ணை" என்று சொல்லுவினம். தயிர் நாளைக்குப் புளித்துப்போகும் என்று அவைக்கும் தெரியும்.

பல வருசம் சைக்கிளில்தான் செய்தார். பிறகு யப்பான் சாமான் கட்டுப்பாடில்லாமல் வரத் தொடங்கியது. மீன்காரர் வாங்கினார்கள், பாண்காரர் வாங்கினார்கள், பிறகு தயிர்க்காரரும் ஒவ்வொருவராக மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். இவர் வேர்த்து விறுவிறுத்துச் சைக்கிளை மிதித்து வந்து சேர, கடையில் இன்னொருவருடைய சட்டி இருக்கும். திரும்பி வந்த தயிரைக் கடைந்து நெய்யாக்குவேன். மோரை அயலுக்குக் கொடுப்பேன். தாராளமான மனிசி என்று என்னைச் சொன்னார்கள். நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

இனி இவருடைய காலைப் பற்றிச் சொல்லவேணும். டவுன் வீட்டில் இருந்த காலம் முழுக்க நான் வாய் திறந்து சொல்லாத சொல் அது.

கலியாணம் முடித்த புதிதில் இவருக்குத் துறைமுகத்தில் வேலை. வெள்ளைக்காரருடைய கப்பல் படை அப்போது இன்னும் போகவில்லை. கப்பலில் இருந்து சாமான் இறக்குகிற வத்தைப் படகில் நின்றவர். ஒருநாள் அலை தூக்கி வத்தையைத் துறையோடு அடித்தபோது, இடையில் வலது முழங்கால் அகப்பட்டது. எலும்பு பொருந்தியது, பலம் திரும்பவில்லை. மடக்கலாம், நீட்டலாம், மெல்ல நடக்கலாம். பாரம் வைத்து ஊன்றினால் அந்தக் கால் மனிசனை விட்டுவிடும்.

எங்கட பக்கத்தில் ஆளுக்குப் பட்டம் வைத்தால் அது ஆளோடு போகாது. வீட்டுக்கு வரும், வளவுக்கு வரும், பிள்ளைகளுக்கு வரும். சாம்பல்தீவில் எங்கட தாய் வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவருக்கு ஒரு கண் மங்கல். அவர் செத்து எவ்வளவோ காலம். அவருடைய பேத்திக்கு மான்குட்டி மாதிரிக் கண். அவளையும் குருடர் வீட்டுப் பெட்டை என்றுதான் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவை அதைக் கேட்டுப்போட்டுக் கண்ணைத்தான் முதலில் உத்துப் பார்த்தவையாம். இவர் ஆஸ்பத்திரியால் வந்து, ஊரில் ஒரு வாய் அப்படி ஒரு பட்டம் சொல்ல முதல், மூட்டை கட்டி என்னையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான ஒழுங்கையில் வீடு பிடித்தோம். அங்கே ஒருவருக்கும் எங்களைத் தெரியாது. இவர் அவசரப்படாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடப்பார். நிதானமான மனிசன், பெரிய இடத்தில் பிறந்தவர்போல என்று ஒழுங்கையில் கதைத்தார்கள். அந்த நடைக்குப் பின்னால் எவ்வளவு நோ இருந்தது என்று இரவில் கால் உருவிவிட்ட எனக்குத்தான் தெரியும்.

சைக்கிளில் இடது காலால் மிதிப்பார். வலது கால் கூடச் சுற்றிவரும், அவ்வளவுதான். மோட்டார் சைக்கிளை உதைக்கிறது வலது காலால். நின்றுகொண்டு இடது காலால் உதைக்கலாம் என்றால், அப்போது உடம்புப் பாரம் முழுக்க வலது காலில் நிற்கவேணும். அது இன்னும் மோசம்.

ஆகவே கடைக்குப் போகுமுன்னமே சுவிச்சு வைத்ததுதான் எங்களுக்கு வேணும் என்று என்னுடைய மனதில் இருந்தது. இவருடைய மனதிலும் இருந்ததென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கடை முதலாளி வாயைத் திறக்கும்வரை.

முதலாளி நல்ல மனிசன், பேச்சுக்காரன். சிவப்பின் திறப்பைத் திருப்பி, சுவிச்சை அமத்தி, எஞ்சினை எழுப்பிக் காட்டினார். பிறகு எல்லாருக்கும் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

"பாத்தீங்களோ ஐயா, இதுக்குக் கால் தேவையில்லை. ஒரு விரல் காணும்."

இவர் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எவன் இவனுக்குச் சொன்னது என்று தேடுகிற பார்வை. ஒருவரும் சொல்லவில்லை. அந்த மனிசன் ஒன்றும் அறியான்.

"எனக்குக் கால் இருக்குது முதலாளி. கறுப்பைக் காட்டும்" என்றார்.

அந்த இடத்தில் நான் என்ன சொல்லி மறிப்பேன்? உள்ளதைச் சொல்ல ஏலாது. அதனால் நான் நிக்கலைப் பிடித்துக்கொண்டேன். எனக்குச் சிவப்புத்தான் பிடித்திருக்கிறது, நல்ல மினுக்கம், கறுப்பு இழவு வீட்டு நிறம் என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். வேலைக்கு நின்றவையும் சிரித்தார்கள். அம்மாவுக்கு மினுக்கத்தில் ஆசை, ஐயாதான் மாட்டுப்பட்டார் என்று ஒருவன் மெல்லச் சொன்னது காதில் விழுந்தது. நான் தாய் வீட்டில் போட்ட தோட்டைத் தவிர வேறொன்றும் கேட்டு வாங்கினவள் இல்லை. அன்றைக்கு அந்தக் கடையில் மினுக்கத்துக்கு அலைகிற பொம்பிளையாக நின்றேன். நின்றது சரிதான். இன்னொருக்கா நிற்கச் சொன்னாலும் நிற்பேன்.

வாங்காமல் வீட்டுக்கு வந்தோம். அன்றிலிருந்து கறுப்போ சிவப்போ என்றதுதான் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் எங்கட கதை.

இவர் சொன்னதில் பிழை இல்லை. துறைமுகத்து உப்புக் காற்றுக்கு நிக்கல் ஒரு மாரி தாங்காது, கறள் பிடிக்கும் என்றார். சுவிச்சு பற்றறியில் ஓடுவது, பற்றறி இறங்கினால் சுவிச்சும் செத்தது என்றார். கண்ணாடியும் மஞ்சள் லைற்றும் பாதையில் ஏற்றி இறக்குகிறபோது முதல் உடைகிற சாமான் என்றார். கூட ஒரு சாமான் இருந்தால் கூட ஒரு கரைச்சல். அதுக்கெல்லாம் மேலாகப் பசு. காலையும் மாலையும் அது தருகிற பாலில்தான் வீட்டுச் செலவு போனது. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். மாட்டை விற்று மினுக்கம் வாங்கின வீடு என்றால் மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும் என்றும் கேட்டார்.

நானும் விடவில்லை. மஞ்சள் லைற் இருந்தால் லொறிக்காரன் கண்டு விலத்துவான் என்றேன். கண்ணாடி இருந்தால் பின்னுக்கு வருகிறவனைப் பார்க்கலாம் என்றேன். அந்த இரண்டாவது மணிக்கூட்டுக்குக்கூட ஏதோ நியாயம் கண்டுபிடித்தேன். சுவிச்சைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. திறந்தால் அடுத்த சொல் கால் என்று வந்துவிடும்.

ஒருநாள் மாத்திரம் கிட்டப் போனேன்.

"இஞ்சருங்கோ, மாடு போனால் இன்னொரு மாடு வாங்கலாம்."

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்.

"தயிர்க்காரன் ஒருத்தன் மாட்டை வித்துச் சுவிச்சு வச்ச மோட்டச்சைக்கிள் வாங்கினால், இவனுக்கேன் இது எண்டு சனம் கேக்கும். கேட்டுப்போட்டுக் கீழ பாக்கும். நீர் அதுக்கு மறுமொழி வச்சிருக்கிறீரோ?"

அடுத்த கிழமை கறுப்பு வீட்டுக்கு வந்தது. கடையிலிருந்து ஒருவன் ஓட்டிக்கொண்டு வந்து வேலிப் படலைக்குள் விட்டுப் போனான். ஒழுங்கையில் இருந்தவை எல்லாரும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா, மாடும் மிஞ்சியது மோட்டச்சைக்கிளும் வந்தது, புத்திசாலி மனிசன் என்று இவரைப் புகழ்ந்தா.

முதல் நாள் விடிய முன்னம் இவர் எழும்பி வெளியே போனார். நான் அடுப்படியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு உதை கேட்டது. இன்னொன்று. மூன்றாவதோடு கால் விட்டுவிட, மனிசனும் மோட்டார் சைக்கிளும் வேலியோடு சாய்ந்த சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். இவர் வேலிக் கதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருட்டில் முகம் தெரியவில்லை, மூச்சுத்தான் கேட்டது. மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி, ஸ்டாண்டில் போட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

எனக்கில்லை, தனக்குத்தான் சொல்லுகிற மாதிரி இவர் சொல்லத் தொடங்கினார். பெற்றோல் திறப்பை இப்படித் திருப்பவேணும். முதல் மெல்ல அமத்திப் பார்க்கவேணும். கட்டியாக ஓரிடத்தில் நிற்கும். அங்கே இருந்து உடம்பு முழுக்கப் போட்டு ஒரே உதை. கால் எடுக்கப் பிந்தினால் திருப்பி அடிக்கும். நான் இவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு உதைத்தேன். வெறுங்காலால் ஏலாது, இரும்பு உள்ளங்காலைக் கிழிக்கும். எத்தினையோ உதைக்குப் பிறகு எஞ்சின் எழும்பியது. இவர் ஏறி இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. போனார்.

அன்றிலிருந்து அது என்னுடைய வேலை. ஒழுங்கையில் உதைத்தால் சத்தத்துக்கு ஆராவது எட்டிப் பார்ப்பினம் என்று, இரண்டுபேருமாக மோட்டார் சைக்கிளைப் பெரிய றோட்டு மதகு வரைக்கும் உருட்டிக்கொண்டு போவோம். அங்கே வைத்து உதைப்பேன். நாள் போகப்போக எனக்கு அதன் குணம் பிடிபட்டுவிட்டது. மழைக் குளிருக்கு எத்தனை தரம், வெயில் காலத்தில் எவ்வளவு மெல்ல என்று. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை ஏன் மறைப்பான்? இந்த டவுனில் அந்த வயசில் மோட்டார் சைக்கிள் உதைத்த பொம்பிளை வேறு ஆர் இருந்திருப்பா?

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் பிடித்துக்கொண்டா.

"என்ன தங்கச்சி, விடியக்காலமை மனிசனை வழியனுப்ப மதகு மட்டும் போறீராம். புதுப்பொம்பிளை எண்ட நினைப்போ?"

நான் வெட்கப்பட்ட மாதிரிச் சிரித்தேன். அந்தக் கதை ஒழுங்கை முழுக்கப் போய், கிழடு தட்டின வயசில் இவைக்கு இருக்கிற காதலைப் பார் என்று பகிடி பண்ணினார்கள். பண்ணட்டும் என்று விட்டேன்.

மதகடியில் எழும்பின எஞ்சினை இவர் ஏலுமானவரை நிற்பாட்ட மாட்டார். பட்டியில் தயிர் ஏற்றும்வரைக்கும் அது ஓடிக்கொண்டு நிற்கும். கடைக்குக் கடை இறங்கிச் சட்டி கொடுக்கிறபோதும் வெளியில் கிடந்து உறுமும். புது மோட்டச்சைக்கிள் பெருமை, சத்தம் கேட்டால்தானே ஊருக்குத் தெரியும் என்று கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்களாம். பெற்றோல் வீணாகப் போனது. முந்தி வந்து சேருகிறபடியால் தயிர் முழுக்க விலைப்பட்டது. பெற்றோலும் கழித்துப் பார்த்தால் கையில் கொஞ்சம் நின்றது. இப்படியே ஓடியிருந்தால் ஓடியிருக்கும்.

ஆனால் பாதையில் எஞ்சின் ஓடக்கூடாது. அது அங்கே சட்டம். பஸ்ஸென்றாலும் லொறியென்றாலும் நிற்பாட்டித்தான் ஏற்றவேணும். போகவர இரண்டு தரம், இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அத்தனை சனத்துக்கு முன்னால் இவருடைய மோட்டார் சைக்கிள் செத்து நிற்கும். அங்கே என்ன செய்கிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒருநாள், பட்டிக்காரர் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, பார்க்கவேணும் என்று சாட்டுச் சொல்லிப் பின்னுக்கு ஏறிப் போனேன்.

பாதையில் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் மனிசர் இருந்தார். இவர் அவரை நானா என்று கூப்பிடுவார். பாதை கரையில் தட்டினதும் நானா இரண்டுபேரைக் கூப்பிட்டார். அவை வந்து பின்னால் பிடித்துத் தள்ள, மோட்டார் சைக்கிள் உருண்டு இருமி எழும்பியது.

"புதுச் சாமானுக்கு இதுக்குள்ளயே வயசு போயிட்டோ அண்ணன்?" என்று ஒருவன் கேட்டான்.

கிக் தேய்ந்துபோனது, சாமான் கொழும்பிலிருந்து வரவேணும் என்று இவர் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் அவைக்கு ஒரு சட்டி தயிர் இறக்குகிறார் என்றும் அன்றைக்குத்தான் கண்டேன். நானாவின் கண் ஒருக்கா இவருடைய கால் பக்கம் போனது. உடனே எடுத்துக்கொண்டார். அந்த மனிசருக்குத் தெரியும். தெரிந்துகொண்டு கிக் தேய்ந்த கதையைத் தானும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் கடமைப்பட்டவள்.

அடுத்த மாரிக்கு முதல் டவுன் பெடியன் ஒருவன் தயிருக்கு இறங்கினான். கலியாணம் முடித்த கையோடு, சீதனக் காசில் மோட்டார் சைக்கிள் வாங்கினவன். நாங்கள் கடையில் பார்த்த அதே சிவப்பு. சரியான வாயாடி, மனதில் கெட்டது இல்லாதவன். பாதை தட்டினதும் எல்லாருக்கும் கைகாட்டி, சுவிச்சை அமத்திக்கொண்டு பறந்துவிடுவான். இவரைத் தள்ளி எழுப்புகிறதுக்குள் அவன் அரைவாசித் தூரம் போயிருப்பான். மெல்ல மெல்லக் கடைக்காரர் அவன் பக்கம் மாறினார்கள். திரும்பவும் நான் வீட்டில் தயிர் கடையத் தொடங்கினேன். மூத்தவளின் சம்பந்தம் அனேகமாகப் பொருந்தி, மாப்பிள்ளை பகுதி நாள் குறிக்க வருகிறோம் என்று சொல்லிவிட்டிருந்த நேரம் அது.

நான் ஒருநாள் வாயை விட்டேன். கறுப்பைக் கொடுத்துவிட்டு, மாட்டையும் விற்று, சிவப்பையே எடுத்தால் என்ன என்று. இவர் எழும்பிப் போய்விட்டார்.

அதுக்குப் பிறகு ஒருநாள் வாடைக்காற்று. கடல் கறுத்துப்போய், பாதை ஆடி ஆடி வந்திருக்கிறது. நான் அங்கே இல்லை. நானா ஆஸ்பத்திரி விறாந்தையில் வைத்துச் சொன்னதைத்தான் சொல்லுகிறேன்.

பாதை டவுன் கரையில் தட்டியது. பின்னுக்குக் கட்டின இவருடைய பெட்டியில் தயிர்ச் சட்டி நிறைய. பெடியன் தன்னுடைய சிவப்பில் ஏறி இருந்துகொண்டு, இவரைத் தள்ள ஆக்கள் வருகிறதைப் பார்த்திருக்கிறான். அவனுக்குப் பகிடி.

"அண்ணை, என்னத்துக்கு இத்தனை பேரைக் கரைச்சல்படுத்துறியள்? ஒரு விரல் காணுமே."

சனம் சிரித்திருக்கிறது. இவர் தள்ள வந்தவையைக் கையால் மறித்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி, இறங்குகிற பலகையில் வைத்தே உதைத்திருக்கிறார்.

"நான் சொன்னன் தங்கச்சி, பொறுங்க, பொடியன்மாரு தள்ளுவானுகள் எண்டு. அவரு கேக்கல்ல" என்று நானா சொன்னார். "மூணாவது உதையில கிக் திருப்பி அடிச்சது. கால் மடிஞ்சி போச்சு. மோட்டச்சைக்கிள் அவருக்கு மேலால பலகையில இருந்து தண்ணிக்க சரிஞ்சது. தண்ணி முழுக்க வெள்ளை. முதல்ல ஆளைக் கண்டுபுடிக்க ஏலாமப் போச்சு."

முதல் தண்ணீருக்குள் குதித்து இவரைத் தூக்கினவன் அந்தப் பெடியன்தானாம். எங்கட தயிர்ப் பெட்டிப் பலகையைக் காலுக்கு வைத்துக் கட்டித் தூக்கிவந்து, பஸ்ஸில் ஏற்றினவனும் அவன்தான். பிறகு ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் வந்து நின்றான். அவனை எப்படிப் பேசுவேன்? இவருடைய காலைப் பற்றி அவனுக்கு ஆர் சொல்லி வைத்திருந்தோம்?

பழைய முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. காயத்தில் சேற்றுத் தண்ணீர் பட்டுப் பழுதாகி, ஆறவில்லை. கடைசியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். அதுக்குச் சம்மதம் கேட்டபோது கைநாட்டு வைக்கவில்லை, என்னுடைய பேரை எழுதித்தான் கொடுத்தேன். அவ்வளவு எழுத எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளை பகுதி நாள் குறிக்க வரவில்லை. சாதகத்தில் ஏதோ பிழை பிறகுதான் கண்டதாம் என்று சொல்லிவிட்டார்கள். மகள் அன்றைக்கு முழுக்கத் தையல் மிசினை நிற்பாட்டாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறகு கனகாலம் சென்றுதான் ஒரு இடம் பொருந்தியது. அதுவும் தூர இடம், எங்களை அறியாத இடம்.

கறுப்பை எடுத்தபடியால்தான் பசு மிஞ்சியது. அதன் பாலில்தான் அந்த வருசம் எங்கட வீட்டில் உலை கொதித்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைச் சொல்லிச் சொல்லிப் புகழுவா. நல்லகாலம் தங்கச்சி, மினுக்கத்துக்கு ஆசைப்பட்டு மாட்டை விற்கவில்லை என்று. நான் ஓம் என்று சொல்லிக்கொண்டு பால் அளப்பேன். அவவுக்கு வேறு என்ன சொல்ல?

தண்ணீரில் கிடந்த மோட்டார் சைக்கிளை நானா ஆக்களை வைத்துத் தூக்கி அனுப்பியிருந்தார். கழற்றிப் பூட்டி எண்ணெய் விட்டபிறகு ஓடியது. விற்கிறதென்று இவரே சொன்னார். தம்பலகாமத்தில் வயல் செய்கிற ஒருவர் கேள்விப்பட்டு ஒரு பகல் நேரம் வந்தார். வெயில் எரிந்துகொண்டிருந்தது. ஒழுங்கைச் சனம் நிழல் கண்ட இடத்தில் இருந்தது. இவர் முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். மடியில் ஒரு துவாயை விரித்திருப்பார் எப்போதும். நான் முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டு நின்றேன்.

வந்தவர் படலையைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கையில் கேட்டுக்கொண்டு வந்ததையே எங்களிடமும் கேட்டார்.

"நொண்டியர் வீடு இதுதானே?"

கேட்டபிறகுதான் கதிரையில் இருந்தவரைக் கண்டார். கண்டதும் அந்த மனிசருடைய முகம் செத்துப்போனது. நான் மிளகாய்த் தட்டோடு நின்ற இடத்தில் நின்றேன். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஊரை விட்டோம், அதுக்குப் பயந்துதான் பசுவை விற்காமல் விட்டோம். அது நடுப்பகலில் படலைக்கு வந்து, வீடு இதுதானோ என்று மரியாதையாகக் கேட்டது.

"ஓம், இதுதான். வாங்கோ தம்பி, உள்ளுக்கு வாங்கோ" என்றார் இவர்.

வந்தவர் இன்னொரு கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார், சக்கரத்தை அமத்திப் பார்த்தார். ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் கேட்கலாமோ என்றார். கேட்டுவிட்டு இவருடைய மடியைப் பார்த்து, தானே உதைக்கிறேன் என்று எழும்பினார்.

"இல்லைத் தம்பி, நீர் இரும். இதின்ர குணம் உமக்குத் தெரியாது, திருப்பி அடிக்கும். இவதான் உதைக்கிறவ. முதல் நாளிலயிருந்து இவதான்" என்றார் இவர்.

வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா நின்றா. எதிர் வீட்டுப் படலையில் ஆக்கள் நின்றார்கள். நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சேலையைத் தூக்கிச் செருகினேன். இவருடைய செருப்பில் வலதுகாற் செருப்பு கூரையில் செருகிக் கிடந்தது, இழுத்துப் போட்டுக்கொண்டேன். மெல்ல அமத்திப் பார்த்து, கட்டியாக நின்ற இடம் பிடிபட, ஒரே உதை. எழும்பியது.

வந்தவருக்குத் திருப்தி. இனி அறிந்துகொள்ள வேறொன்றுமில்லை என்ற மாதிரி, போகிறபோக்கில் கேட்டார். இதே கம்பனியில் சுவிச்சு வைத்ததும் வந்ததே, நீங்கள் ஏன் அதை எடுக்கவில்லை என்று.

"அது கூட விலை தம்பி" என்றார் இவர். "எங்களுக்குக் கட்டாது எண்டு விட்டனாங்கள்."

அந்த மனிசர் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, எஞ்சினை நிற்பாட்டாமலே ஏறிக்கொண்டு போனார். சத்தம் மதகு கடந்து போகும்வரைக்கும் இவர் காது கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுப் படலையில் ஆக்கள் இன்னும் நின்றார்கள். நான் போய் எங்கட படலையைச் சாத்த வெளிக்கிட்டேன்.

"விடும், திறந்து கிடக்கட்டும்" என்றார்.